குருவிப் பாட்டில் அக்காவின் சத்தம்

தீனிக் கிண்ணத்தைக் கூண்டுக்குள் வைக்கும்போது அக்கா உதட்டை இறுக்கி மூடிக்கொள்வார். டுரியான் துங்கால் என்ற ஊரில் எங்கள் ஆய்வுக்கூடத்து ஃபிஞ்ச் குருவிகளைப் பராமரித்தவர் அவர். நான் அங்கே ஆராய்ச்சி மாணவி. அக்காவோ எஸ்டேட்டில் "பா பா பா" என்று கோழிகளைக் கூப்பிட்டுத் தீனி போட்டே வளர்ந்த மனுஷி. கூப்பிடாமல் கிண்ணத்தை வைத்துவிட்டு வருவது அவருக்கு மரியாதை கெட்ட செயல். ஆனால் ஒலி புகாத பெட்டியில் வளரும் குஞ்சுகள் பதிவுசெய்த பாட்டு ஒன்றைத் தவிர வேறெதையும் கேட்கக் கூடாது என்று எங்கள் தலைமை ஆய்வாளரான டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

குஞ்சு கேட்டுத்தான் பாடப் பழகும். ஒவ்வொரு சத்தமும் அதனதன் இடத்தில் வந்தாக வேண்டும். அந்த வரிசையைக் காப்பது மூளையில் கடுகளவு ஓரிடம். அங்குள்ள செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக, தத்தம் முறை வரும்போது மட்டும் துடிக்கும். அந்த இடத்தைக் கொஞ்சம் குளிர வைத்தால் பாட்டு மெதுவாகும், வரிசை மாறாது. இதைத்தான் எங்கள் குருவிகளிடம் சோதித்தோம். தலையில் அறுவை செய்து, முடிவில் மூளையை மெல்லிய சீவல்களாக அறுத்துப் பார்ப்போம். அதோடு குருவியின் கதை முடிந்தது.

அக்காவுக்கு அது தெரியும். நாங்கள் கால் வளையத்து எண்ணைச் சொல்லிக் குறிப்பிட்ட ஓர் ஆண் குருவியை அவர் 'தம்பி' என்றார். அறுவைக்கு நாள் குறித்ததும் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதையே விட்டுவிட்டார். "இவனை மட்டும் விட்டுடுங்களேன் டாக்டர்" என்று கேட்டும் பார்த்தார். "ஒருத்தன விட்டா எல்லாரையும் விடணும்லா" என்றார் டாக்டரம்மா. கல்நெஞ்சுக்காரி இல்லை, சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அறுவைக்கு முன் தம்பியின் பாட்டைப் பதிவுசெய்தோம். நடுவே, நாங்கள் போட்டுக் காட்டிய பாட்டில் இல்லாத 'ட்சு ட்சு'. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில். கருவியில் கோளாறு என்று நினைத்து ஒயரையெல்லாம் கழற்றி மாட்டினேன். அப்போது உள்ளே வந்த அக்கா வாயை இறுக்கிக்கொண்டு தீனி வைத்தார். மூடிய வாய்க்குள் நாக்கு 'ட்சு ட்சு' என்றது. மற்றக் குருவிகள் அதைக் கேட்டும் கண்டுகொள்ளவில்லை. இவன் ஒருவன்தான் பாட்டாக்கிக்கொண்டான். டாக்டரம்மாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"நான் ஒரு வார்த்த பேசலலா டாக்டர், சாமி சத்தியமா!" அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பேசலக்கா. ஆனா உங்க சத்தத்தையும் பாட்டுல சேர்த்துட்டான். இனி இவன் ஆய்வுக்கு ஆக மாட்டான்." டாக்டரம்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அனுமதி வாங்கித் தர்றேன், வீட்டுக்குக் கொண்டுபோங்க."

போன தீபாவளிக்குப் புக்கிட் ரம்பாயில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போது அவர் வாயை யாரும் அடக்குவதில்லை. அடுத்த தாமான் குடியிருப்புக்கே கேட்கும்படி "பா பா பா" என்றபடி தம்பிக்குத் தீனி எடுத்தார்.

"இவ்வளவு கத்துறேன், இதுல ஒண்ண பாட்டுல சேர்க்கிறானா பாரு!"

"கத்துக்கிற வயசு தாண்டிப்போச்சுக்கா. குஞ்சுல கேட்டதுதான் நிக்கும்."

அக்கா கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அன்னிக்கு நான் ஒழுங்கா இருந்திருந்தா, இவன் இன்னிக்கு இல்ல."

நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"விடுடி, தீனி கொட்டுது" என்றார்.