படிக்கட்டுப் பிள்ளைக்காக நான் சொன்ன சாட்சி

இதை எழுத ஆறு வருடம் தயங்கினேன். பத்தாவது வரைதான் படித்தேன், எழுத்து வராது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். அது காரணமில்லை. வெட்கம்தான்.

அரபு நாட்டில், ஃபஹாஹீல் என்ற ஊரில், எங்கள் ஃபிளாட்டில் வெள்ளிக்கிழமைதோறும் ஜெபக்கூட்டம் நடக்கும். நான் ஏசி மெக்கானிக், மனைவி நர்ஸ். ஊர்க்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். ஜெபக் குறிப்புகளை ஒரு நோட்டில் எழுதி வைத்து ஜெபிப்போம். ஜெபம் கேட்கப்பட்டால் யாராவது எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். அது எங்கள் வழக்கம்.

எங்கள் கட்டடத்தில் வீட்டுவேலை செய்துவந்த தமிழ்ப் பெண் ஒருத்தியை, விசா இல்லையென்று போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. பிள்ளை இருப்பதைச் சொன்னாளோ, பயந்து மறைத்தாளோ, தெரியாது. ஏழு வயது மகள் படிக்கட்டுக்கு அடியில் தங்கிவிட்டாள். பிறந்ததற்கே பேப்பர் இல்லாத பிள்ளை. பகலெல்லாம் காலி டின் பொறுக்குவாள். வெள்ளிக்கிழமை எங்கள் வாசலில் கிடக்கும் செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கி வைப்பாள். மிச்சச் சோறு கொடுப்போம், கதவுக்கு வெளியே.

"உள்ள ஒரு மூலையில படுக்கட்டுமே" என்றாள் மனைவி.

"செக்கிங் வந்தா நம்ம விசா போவும். பொறவு நம்ம பிள்ளையளயும் படிக்கட்டுல இருத்துவியா?"

"அப்போ நோட்டுலயாவது எழுதுங்க."

எழுதினேன். 'படிக்கட்டில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு வீடு.' மூன்று வாரம் கண்ணீரோடு ஜெபித்தோம், கதவைப் பூட்டிக்கொண்டு.

நாலாவது வாரம் பாஸ்டர் வருவதாக இருந்தது. வாசலில் அவள் அழுக்கோடு உட்கார்ந்திருந்தால் என்ன நினைப்பார்? முந்தின நாள் கட்டடத்துக் காவலாளியிடம் அவளைக் காட்டி, "மாஃபி பேப்பர்" என்றேன், பேப்பர் இல்லை என்று.

"கலாஸ்" என்றான், அதோடு முடிந்தது என்பதுபோல.

அவளுடைய துணிமூட்டையைத் தெருவில் எறிந்தான். அவளையும் வெளியே தள்ளிக் கட்டடத்தின் கண்ணாடிக் கதவைச் சாத்தினான். அவள் அழவில்லை. கண்ணாடி வழியே என்னைத்தான் பார்த்தாள்.

மறுநாள் கூட்டத்தில் ஒரு சிஸ்டர் கேட்டார். "அந்தப் பிள்ளய காணலியே பிரதர்?"

பாஸ்டர் என்னைப் பார்த்தார். எழுந்து நின்றேன். "கர்த்தர் அவளுக்கு ஒரு வீட்டக் குடுத்துட்டாரு."

எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். மனைவி மட்டும் எழுந்து சமையலறைக்குள் போனாள். நோட்டில் அந்த வரிக்கு நேரே டிக் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் அவளைப் பார்த்தேன். குப்பைத் தொட்டிக்குள் பாதி உடம்பை விட்டு டின் எடுத்துக்கொண்டிருந்தாள். கோடை. தரை கொதித்தது. செருப்புக்குப் பதில் அட்டைத் துண்டைக் காலில் கட்டியிருந்தாள்.

"அங்கிள், இப்ப செருப்பெல்லாம் யாரு அடுக்குறா?"

"யாருமில்ல மக்களே."

"நான் வரட்டா? உள்ள வரமாட்டேன்."

டூட்டிக்கு நேரமாச்சு என்று சொல்லி வண்டியை எடுத்தேன். அப்புறம் அவளைப் பார்க்கவேயில்லை.

நாங்கள் பன்னிரண்டு பேர் இருந்தோம். எம்பஸிக்கு ஒரு போன் செய்ய ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லாவற்றையும் கர்த்தரிடமே கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டோம். அவர் எங்களிடம் கேட்டதும் அந்தப் பிள்ளைக்கு ஒரு வீட்டைத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

அன்று நான் சொன்ன சாட்சி பொய். இது உண்மை. உங்கள் கூட்டத்தில் இதை வாசியுங்கள், நாலு பேருக்குக் கொடுங்கள். ஆனால் ஒரு வார்த்தையும் மாற்றாதீர்கள். நான் வண்டியை நிறுத்தி அவளை ஏற்றிக்கொண்டேன் என்று யாரும் தயவுசெய்து சேர்த்துவிட வேண்டாம்.