அலமாரிக்குப் பின்னால் ஒரு சுவர்

தெருவில் எல்லோருக்கும் அவர் பெயிண்டர். கோபம் வந்தால் மனைவிக்கும் அப்படித்தான். ஊரார் சுவர்களையெல்லாம் பளபளக்க வைத்தவர், தான் குடியிருந்த வாடகை வீட்டுச் சுவரை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அது ஓதம் ஏறி, உப்புப் பூத்து, தொட்டால் கையோடு வந்தது.

மகள் தனியார் பள்ளியின் நுழைவுத் தேர்வில் தேறிவிட்டாள். உதவித்தொகை கிடைத்தால் அந்தப் பள்ளி, கிடைக்காவிட்டால் அந்தப் பேச்சே இல்லை. உதவித்தொகை தரும் அறக்கட்டளையிலிருந்து ஓர் அம்மா வந்து வீட்டைப் பார்ப்பதுதான் பாக்கி.

"இந்தச் சுவரைக் காட்டினாலே போதும். நாம வாயே திறக்க வேண்டாம்," என்று சொல்லிவிட்டு மனைவி மகளோடு தங்கை வீட்டுக்குப் போனாள்.

பெயிண்டருக்கு மனசு கேட்கவில்லை. பெயிண்டர் வீட்டில் இதையா காட்டுவது? ஒரு பங்களாவில் மிஞ்சிய கடல்நீலம் கைவசம் இருந்தது. சுரண்டி, பட்டி பார்த்து, இரண்டு கோட்டிங் கொடுத்தார்.

திரும்பி வந்த மனைவி வாசலிலேயே நின்றாள்.

"பணக்காரங்க வீடு மாதிரி இருக்கு."

"இருக்குல்ல?"

"பாராட்டலை. பொண்ணு படிப்புல மண்ணைப் போட்டுட்டீங்க."

மறுநாள் வந்த அறக்கட்டளை அம்மா, கையிலிருந்த விலாசத்தை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு உள்ளே வந்தார். சுவரைத் தடவினார்.

"இந்தப் பெயிண்ட் எனக்கே கட்டுப்படியாகலை."

பெயிண்டருக்கு ஒரு நிமிடம் பெருமையாக இருந்தது. பிறகுதான் உறைத்தது.

"வேலை செஞ்ச இடத்துல மிஞ்சினதுங்க."

"எல்லாரும் ஏதாவது சொல்லத்தான் செய்றாங்க," என்று அந்த அம்மா பேனாவை மூடினார்.

"அம்மா, அலமாரியை நகர்த்தலாமா?" என்று தாயைக் கேட்டாள் மகள். மனைவி ஏற்கெனவே தோள் கொடுத்திருந்தாள்.

பெயிண்டர் குறுக்கே போய் நின்றார். "அது மட்டும் வேண்டாம்."

"தள்ளுங்க, பெயிண்டரே."

அலமாரி நகர்ந்தது. அதன் அளவுக்குக் கச்சிதமாகப் பழைய சுவர் அப்படியே நின்றது. ஒரு துண்டு காரை பெயர்ந்து அந்த அம்மாவின் செருப்பில் விழுந்தது. அவர் காலை உதறிவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

பெயிண்டருக்கு முகம் கறுத்துவிட்டது. "மேடம், வேலைக்குப் போற இடத்துல இப்படி அலமாரியைச் சுத்தி மட்டும் அடிச்சிட்டு வர்ற ஆள் இல்லை நான். நேத்து நகர்த்த ஆள் இல்லை, அதான்."

"அதையும் எழுதணுமா?"

"எழுதிக்குங்க."

உதவித்தொகை கிடைத்தது. சேதி வந்த அன்றே பெயிண்டர் அலமாரியை நகர்த்திப் பட்டி குழைக்க உட்கார்ந்தார்.

"வருஷா வருஷம் வந்து பார்ப்பாங்களாம்," என்றாள் மனைவி.

அவர் குழைத்ததை அப்படியே வழித்து டப்பாவில் போட்டார்.

மகள் இப்போது பத்தாவது. நீலம் போய் இளமஞ்சள் வந்து, அதுவும் போய்விட்டது. அலமாரிக்குப் பின்னால் மட்டும் யாரும் கை வைப்பதில்லை. உடன் வேலை செய்யும் பெயிண்டர்கள் வீட்டுக்கு வந்தால், அவர் அந்த அலமாரியில் சாய்ந்தபடியேதான் பேசுவார்.