பதினெட்டாவது நிமிடத்தில் மெயினை அணைத்தவன்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆயுத பூஜைக்கு முந்தைய நாள், ஓசூரை அடுத்து நான் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக வேலை செய்யும் தொழிற்சாலையில் இது நடந்தது.

இயந்திரங்களுக்குப் பொட்டு வைத்து, குடும்பத்தோடு வந்தவர்களுக்குப் பொரி கொடுத்ததும் பாட்டுக் கச்சேரி என்றார்கள். பெங்களூரிலிருந்து வந்து இறங்கிய பாடகிக்கு எழுபது வயதிருக்கும். நரைத்த கொண்டை, கைத்தறிப் புடவை. பக்திப் பாட்டுதான் என்று முடிவு கட்டி, மேடையில் ஜமக்காளம் விரித்தேன். அவர் அதைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு நின்றார். பின்னால் எலெக்ட்ரிக் கிதார், டிரம்ஸ்.

எங்கள் ஹெச்.ஆர். மேலாளர் கல்லூரி நாளிலிருந்து அவருடைய ரசிகராம். நாற்பது வருடங்களாக சைக்கடெலிக், புரோகிரெசிவ் ராக் பாடுபவர் என்று அறிமுகப்படுத்தினார். இரண்டும் மாத்திரைப் பெயர் மாதிரி இருந்ததால் தலையாட்டி வைத்தேன்.

தன்னிடம் இருபத்தைந்து நிமிடப் பாட்டு ஒன்று இருப்பதாக அந்தம்மா சொன்னார். “எந்த ஸ்டேஜ்லயும் முழுசா பாட வுட்டதில்ல. ஒரு தடவ மழை, ஒரு தடவ போலீஸ், மத்த தடவ எல்லாம் ‘நேரமாச்சு மேடம்’. இன்னிக்கு முடிச்சிட்டுத்தான் எறங்குவேன்.”

பாட்டு தொடங்கியதும் தாளம் போட நான்கு எண்ணினேன். அது ஏழில் போய் நின்றது. நான் ஏழுக்கு வந்தபோது ஐந்துக்கு மாறிவிட்டது. வார்த்தையே இல்லாமல் குரல் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

பக்கத்திலிருந்த வெல்டர் என் காதைக் கடித்தான். “மாமா, இது பாட்டா, மைக் டெஸ்டிங்கா?”

“தெரியலடா. புரிஞ்ச மாதிரி மூஞ்சிய வெச்சிக்க.”

பதினெட்டாவது நிமிடத்தில் கிறீச்சென்று ஒரு சத்தம். இயந்திரத்தில் சுழலும் பேரிங் எரியும்போது வருமே, அதேதான். வித்தியாசமான சத்தம் கேட்டால் முதலில் நிறுத்து, பிறகு யோசி என்பது எங்கள் பிரிவில் பலகை மாட்டிச் சொல்லிக்கொடுத்த பாடம். என் கால்கள் என்னைக் கேட்காமல் ஓடின. மேடைக்குப் பின்னாலிருந்த மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பெருமையோடு திரும்பினேன்.

மொத்தக் கூட்டமும் என்னைப் பார்த்தது. “அந்தாளு எங்க ஊட்டுக்காரரு இல்ல” என்று என் மனைவி பக்கத்திலிருந்தவரிடம் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அந்தம்மா மேடை ஓரத்துக்கு வந்தார். “ஏம்ப்பா ஆஃப் பண்ணின?”

“பேரிங் போற சத்தம் வந்துச்சு மேடம். ஏதாச்சும் எரிஞ்சுடுமோன்னு...”

“அந்தச் சத்தத்துக்கு இவன் எட்டு மாசம் பழகினான்” என்று கிதார்காரரைக் காட்டினார். பிறகு சிரித்தார். “மத்தவங்க சலிச்சுப் போய் நிறுத்தினாங்க. பயந்து நிறுத்தினது நீதான். அப்போ நீ பாட்ட காது குடுத்துக் கேட்டிருக்க.”

திட்டா, பாராட்டா என்று விளங்கவில்லை. மறுபடி முதலிலிருந்துதான் பாட வேண்டும் என்றார். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். “கம்பெனி பஸ் கெளம்பணும். நேரமாச்சு மேடம்.”

அந்தம்மா மைக்கை ஸ்டாண்டில் வைக்கப் போனார். அந்தக் கையைப் பார்த்ததும் என் கால்கள் மறுபடி ஓடின. வரிசையில் முதலில் நின்ற, சூளகிரி போகும் கம்பெனி பஸ்ஸின் முன்னால் போய் நின்றுகொண்டேன். அது நகராமல் எதுவும் நகராது.

டிரைவர் தலையை நீட்டினார். “யோவ், உனக்குத்தான் அந்தப் பாட்டு புடிக்கலியே?”

“புடிக்குதா இல்லியான்னே தெரியலண்ணா. முடியட்டும்.”

மேலாளர் என்னைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், பிறகு தானே போய் மெயினைப் போட்டார். மறுபடி அதே கிறீச் வந்தபோது பஸ்ஸின் வைப்பரை இறுகப் பிடித்துக்கொண்டேன். பாட்டு முடிந்துவிட்டது என்பதே, அந்தம்மா கண்ணைத் துடைத்தபோதுதான் தெரிந்தது.

அது என்ன பாட்டு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இன்றைக்கும் பேரிங் கத்தினால் உடனே இயந்திரத்தை நிறுத்திவிடுகிறேன். மனிதர்களை மட்டும், ஒன்றும் புரியாவிட்டாலும், முடிக்கும்வரை நிறுத்துவதில்லை.