மாமனார் விளக்கும் கரகரத்த ஒயர்லெஸ்ஸும்

அன்று காலையிலிருந்தே சிசுரு வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். கணவன் கோஹெய் கணவாய் மீன் பிடிக்கப் போய் நாலைந்து நாளாகிறது. கடலில் காற்று ஏறிக்கொண்டே வந்தது. சாயங்காலமானால் படகிலிருந்து ஒயர்லெஸ்ஸில் கூப்பிடுவான். ஆனால் இந்த முறை சமையலறையிலிருந்த ஒயர்லெஸ் பெட்டியில் வந்ததெல்லாம் கரகரவென்ற பாழாய்ப்போன இரைச்சல்தான். ஒரு வார்த்தை புரியவில்லை.

எலக்ட்ரீஷியன் இவாவோ வந்தான். கோஹெயின் பால்ய சிநேகிதன், வாய் ஓயாதவன். இரைச்சல் எதிலிருந்து வருகிறதென்று பார்க்க, ஒயர்லெஸ்ஸை பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டின் பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்கினான். ஃபிரிட்ஜ், சோற்றுக் குக்கர், குளியலறை ஹீட்டர் எல்லாம் அடங்கின. இரைச்சல் அடங்கவில்லை.

"பெட்டிதான் செத்துப்போச்சு அண்ணி. வேற வாங்குங்க."

"வாயைக் கழுவுப்பா! கடல்ல மனுஷன் இருக்காரு."

சிசுரு அவன் பையிலிருந்த கையடக்க ரேடியோவைப் பிடுங்கிக்கொண்டு, இரைச்சல் எங்கே கூடுகிறதென்று சுவரோரமாக நடந்தாள். சமையலறையில் முனகிய ரேடியோ, கூடத்து முன்னோர் மாடத்தின் எதிரே போனதும் அலறியது. உள்ளே மாமனாரின் படம். பக்கத்தில் சின்ன மின்விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

"இதோட பிரேக்கரை இறக்கலையா நீ?"

இவாவோ தலையைச் சொறிந்தான். "பெரியவரு விளக்காச்சே அண்ணி. அதுல யாராவது கை வைப்பாங்களா?"

அந்த மீன்பிடித் துறைமுகத்தில் யாரும் வைக்கமாட்டார்கள்தான். கடல் கொண்டுபோன மனிதர், உடல்கூடக் கிடைக்கவில்லை. வழி தெரிந்து வரட்டுமென்று மாமியார் தோமே ஏற்றியது. அன்றிலிருந்து அவள் அணைத்ததேயில்லை. அவளிடம் எப்படிக் கேட்பது?

மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தோமே, தானே எழுந்து வந்து மாடத்தின் முன் கைகூப்பினாள்.

"ஏங்க, கொஞ்ச நேரம் இருட்டுல இருங்க. பையன் பேசணும்."

அவளே போய்க் கடைசி பிரேக்கரை இறக்கினாள். இரைச்சல் பட்டென்று நின்றது.

இவாவோ மாடத்தின் பின்னாலிருந்த பிளக் பாயிண்ட்டைக் கழற்றினான். திருகு தளர்ந்து, பொறி தட்டித் தட்டி ஒயர் கருகிக் கிடந்தது. "அடப்பாவி! இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா வீடே எரிஞ்சிருக்கும்!"

அவன் புது ஒயரைப் பொருத்திக்கொண்டிருந்தபோது பெட்டி பேசியது.

"சிசுரு! கேக்குதா? கரைக்குத் திரும்பிட்டிருக்கோம். நாலு நாளாக் கத்துறேன், என்னடி, கோவமா?"

"கேக்குதுங்க! நல்லாக் கேக்குது! எதுக்குக் கத்துறீங்க?" என்று அவள்தான் கத்தினாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அப்பாடா என்றிருந்தது.

இவாவோ வேலையை முடித்தான். "சரியாயிடுச்சு பெரியம்மா. விளக்கைப் போடட்டுமா?"

ஒயர்லெஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்த தோமே திரும்பிப் பார்க்கவில்லை.

"இரு, அவரு காத்திருப்பாரு. பையன் முதல்ல வந்து சேரட்டும்."