சாவு வீட்டில் செருப்போடு நின்றவர்கள்

போதும், இத்தனை காலம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது. மூடிக்கொள்ளச் சொன்னவரே போய்விட்டார். கள்ளக்குறிச்சியில் டாக்டர் சூசைநாதனிடம் காலைக் காட்டியவர்களுக்கும், காட்டாமலே அவரைப் பற்றிப் பேசித் திரிந்தவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

செய்தி வந்தபோது கல்லூரியில் மதிய இடைவேளை. ஆசிரியர் அறையின் கோடியில் இருக்கும் மேசையில் வழக்கம்போலத் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். டாக்டரின் மருத்துவமனையில் சீட்டுப் போடும் பெண் போனில் கூப்பிட்டாள்.

"சார், இந்தச் சனிக்கிழமை வராதீங்க சார்."

அடுத்த சனிக்கிழமை வரட்டுமா என்று கேட்டேன்.

"இனிமே வர வேணாம் சார். காலைல டாக்டர் தவறிட்டாரு. சனிக்கிழமை வர்றவங்களுக்கெல்லாம் சொல்லிக்கினு இருக்கேன்" என்றாள்.

டப்பாவை மூடி வைத்துவிட்டு அடுத்த வகுப்பை எடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு இளையவராக இருந்தும் துறைத்தலைவர் பதவியை என்னிடமிருந்து தட்டிப் பறித்தவரிடமா சொல்வது? மகளின் படிப்புக்காகச் சென்னைக்குப் போய், படிப்பு முடிந்த பிறகும் திரும்பி வராத மனைவியிடமா?

சூசைநாதன் பாதத்துக்கும் கணுக்காலுக்கும் மட்டுமே வைத்தியம் பார்த்தவர். சங்கராபுரம் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பெரிய நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவர். ஏன் வந்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "அங்க டாக்டருங்க ஜாஸ்தி. இங்க புண்ணு ஜாஸ்தி" என்றார். சர்க்கரை நோயில் ஆறாத புண்கள், டிராக்டரில் நசுங்கிய கணுக்கால்கள், மலையிலிருந்து வரும் மூங்கில் முள் குத்திச் சீழ் பிடித்த பாதங்கள். மற்ற இடங்களில் முட்டிக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பிய கால்களில் பலவற்றை, அழுகியதை மட்டும் வெட்டி, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டி, மாதக்கணக்கில் கட்டுப் போட்டுக் காப்பாற்றினார்.

அவரிடம் நான் முதலில் போனது கட்டைவிரலுக்கு அடியில் ஒரு காய்ப்பு புண்ணானபோது. என்னை உயரமான நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அவர் கீழே ஒரு குட்டை ஸ்டூலில் உட்கார்ந்தார். முதலில் குனிந்து புண்ணை மோந்து பார்த்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. "மூக்குதான் சார் என்னோட மொத லேபு" என்றார். சுற்றியிருந்த தடித்த தோலைச் சீவி எடுத்துக்கொண்டே, "புண்ணுக்கு மருந்து அப்புறம். மொதல்ல பாரத்த எறக்கணும்" என்றார். இதில் தத்துவம் எதையும் தேட வேண்டாம். என் உடம்பின் எடையைத்தான் சொன்னார்.

கட்டுப் போட்டு முடித்துவிட்டுக் கேட்டார்: "வூட்ல உங்க உள்ளங்கால யார் சார் பாக்கறாங்க?"

எல்லோரிடமும் அவர் கேட்கும் கேள்வி அது. உணர்ச்சி போன காலில் ஆணி ஏறினாலும் தெரியாது. தன் உள்ளங்காலைத் தானே சரியாகப் பார்க்கவும் முடியாது. வீட்டில் யாராவது தினமும் பார்க்க வேண்டும். மனைவி, மகன், மருமகள் என்று எல்லோரும் ஒரு பெயரைச் சொல்வார்கள். எனக்குச் சொல்லப் பெயர் இல்லை. அவர் துருவவில்லை. "கண்ணாடி வச்சி நீங்க பாத்துக்குங்க. மாசம் ஒரு சனிக்கிழமை நான் பாக்கறேன்" என்றார். புண் ஆறிய பிறகும் அந்தச் சனிக்கிழமைகள் நிற்கவில்லை. வேறொரு மனிதர் என்னைத் தொடுவது அந்த ஒரு நாளில்தான்.

ஒரு சனிக்கிழமை, மலைமேல் இருக்கும் கரியாலூர்ப் பக்கத்து வெள்ளையன் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். காலை ஊன்றக்கூடாது என்பதற்காக அவருக்கு முட்டிவரை மாவுக்கட்டுப் போட்டு அனுப்பியிருந்தார் டாக்டர். அந்தக் கட்டின் அடிப்பாகம் தேய்ந்து கிழிந்து, செம்மண் அப்பிக் கிடந்தது. மரவள்ளிக்குக் களை எடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

"இன்னாய்யா இது, கட்டுக்கு லாடம் அடிச்சி வுடட்டுமா?" என்றார் டாக்டர். "ஊனக்கூடாதுன்னு சொன்னேன் இல்ல?"

"கட்டிக்கினு நடக்கத்தான் போட்டீங்கன்னு நெனச்சேன் சார். காலு கெட்டியா இருந்துச்சே."

டாக்டர் வெள்ளையனின் மனைவியைப் பார்த்தார். "இவரு எழுந்து நின்னா எனக்கு போன் போடும்மா."

"எங்க வூட்ல சிக்னல் இல்லியே சார். போன் போட நான் மேட்டுக்கு ஏறினா, அதுக்குள்ள இவரு மரவள்ளிக் கொல்லைக்குப் போயிடுவாரு."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த வாரமே கல்வராயன் மலைக்குத் தானே ஏறிப் போய் அந்தக் கட்டைப் பார்த்துவிட்டு வந்தார் என்று பிறகு தெரிந்தது.

இனி, நான் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு ஓர் அண்ணன். எங்கள் ஊர் அம்மன் கோயில் கமிட்டிக்குத் தலைவர். வருடம் தவறாமல் காப்புக் கட்டித் தீ மிதிப்பவர். என்னைப் போலவே அவருக்கும் சர்க்கரை. நான்தான் அவரை டாக்டரிடம் அழைத்துப் போனேன். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, ஒரு நைலான் இழையால் அவர் பாதத்தில் அங்கங்கே அழுத்தினார் டாக்டர். தொடும்போது சொல்ல வேண்டும்.

அண்ணன் கண்ணை மூடியபடியே, "தொடு டாக்டர், இன்னும் தொடலியே" என்றார். அதற்குள் டாக்டர் இரண்டு பாதங்களையும் தொட்டு முடித்திருந்தார்.

"இந்த வருசம் நெருப்புல எறங்காதீங்க" என்றார் டாக்டர். அண்ணன் சிரித்தார். நானும் வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "படிச்சிட்டா சாமி இல்லன்னு ஆயிடுமாடா?" என்றார்.

அந்த வருடம் எல்லோரும் தணலில் ஓட்டமும் நடையுமாகக் கடந்தபோது, அண்ணன் மட்டும் மெதுவாக, வரப்பில் நடப்பதுபோல நடந்து போனார். ஊரே கைகூப்பியது. பெண்கள் அழுதார்கள். அவர் ஏன் அவசரப்படவில்லை என்று அங்கே எனக்கு மட்டும் தெரியும்.

உள்ளங்கால் தோல் உரிந்ததை யாருக்கும் காட்டாமல் மஞ்சளும் விபூதியும் அப்பிக்கொண்டு நடமாடினார். நாற்றம் வந்த பிறகுதான் டாக்டரிடம் போனார். வலது பாதத்தின் முன்பாதி போயிற்று. குதிகாலையும் மீதிப் பாதத்தையும் காப்பாற்ற டாக்டர் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால், சாமி நெருப்பு சுடாது என்றால் கால் எப்படிப் போயிற்று என்று ஊர் கேட்குமே. அண்ணன் ஒரு பதிலைக் கண்டுபிடித்தார். "கொப்புளத்துக்குப் போனேன். நல்லா இருந்த கால வெட்டிட்டான். வேற சாமி கும்புடறவன், தீமிதிய நிறுத்தணும்னு பண்ணிட்டான்" என்றார். அவர் சொன்னால் ஊர் நம்பும். நம்பியது. கால்வெட்டி டாக்டர் என்ற பெயர் சங்கராபுரம் பஸ்ஸில்கூடக் காதில் விழுந்தது. வர வேண்டியவர்கள் வராமல் வீட்டிலேயே புண்ணை வைத்துக்கொண்டார்கள்.

அண்ணனிடம் கேட்டேன். அத்தோடு எங்கள் பேச்சு முடிந்தது. ஏற்கெனவே நிலத்தகராறு இருந்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவரும் வந்தது.

கோயில் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்று டாக்டரிடம் சொன்னேன். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே என் கால் விரல்களுக்கிடையே பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"சொல்லாதீங்க சார். அவரு பின்கேட்டு வழியா கட்டுக்கு வந்துக்கினு இருக்காரு. நீங்க பேசினா வெக்கப்பட்டுக்கினு வர மாட்டாரு. மிச்ச காலும் போயிடும்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஊரில் உங்களைத் திட்டிவிட்டு உங்களிடமே வருகிறவனுக்கா என்று கேட்டேன்.

"திட்டறது வாயி. நான் பாக்கறது கால" என்றார்.

இதற்காக அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. இன்னும் உண்டு. தன் பெயரைக் கெடுத்துக்கொள்ள அவருக்கு உரிமை இருக்கலாம். என் வாயை மூட என்ன உரிமை? போதாதற்கு, அண்ணி இறந்த பிறகு இன்னொன்றும் சொன்னார்: "அவர் வூட்லயும் பாக்க ஆளில்ல, உங்க வூட்லயும் இல்ல. நடுவுல ஒரு சுவருதான். அவர் கால நீங்க பாருங்க, உங்க கால அவரு பாக்கட்டும். பேச வேணாம். கால் பாக்க பேச்சு எதுக்கு?"

அது நடக்காது என்றேன். "சரி, நான் இருக்கற வரைக்கும் பரவால்ல" என்றார்.

அடக்கத்தன்று வெயில் கொளுத்தியது. டாக்டர் வீட்டுக்கு எதிரே, புங்கமரத்தடியில் ஒரு கூட்டம் உள்ளே போகாமல் நின்றிருந்தது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, செருப்பு தெரிந்தது. எல்லோர் காலிலும் டாக்டர் எழுதிக் கொடுத்த, பின்னால் வார் வைத்த, மெத்தென்ற ரப்பர் அடியுள்ள கறுப்பு எம்சிஆர் செருப்பு. வெறுங்காலோடு எங்கேயும் நடக்கக்கூடாது என்பது அவர் கட்டளை. "சாமி ரூமா இருந்தாலும் செருப்பு. சர்ச்சா இருந்தாலும் செருப்பு" என்பார். ஆனால் இது சாவு வீடு. வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன.

வெள்ளையன்தான் முதலில் கிளம்பினார். படியில் உறவுக்காரர் ஒருவர் மறித்தார்.

"யோவ், எழவு வூட்டுக்குள்ள செருப்போட ஏறுற. அறிவு வேணாம்?"

"கழட்டக்கூடாதுன்னு சார் சொல்லிகீறாரு."

"எந்த சாரு?"

வெள்ளையன் பெட்டியைக் காட்டினார். "இவருதான்."

டாக்டரின் மனைவி தலை நிமிர்ந்தார். "வுடு தம்பி. அப்படியே வரட்டும். கழட்டினா அவருக்குக் கோவம் வரும்" என்றார். நாங்கள் செருப்போடு வரிசையாகப் போய் அவரைச் சுற்றி நின்றோம்.

அப்போதுதான் அண்ணன் வந்தார். தெருமுனையில் அவர் வைத்த பேனரை வரும்போதே பார்த்திருந்தேன். "எங்கள் பாதம் காத்த தெய்வமே" என்று எழுதி, டாக்டரின் படத்தைவிடத் தன் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார். ஆளுயர மாலையோடு, கமிட்டி ஆட்கள் தோள்கொடுக்க, மரியாதைக்காக வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். மாலையைச் சாத்திவிட்டு முற்றத்தில் போட்டோவுக்கு நின்றார்கள். சிமெண்டுத் தரை. உடன் நின்றவர்கள் சூடு தாங்காமல் காலை மாற்றி மாற்றி வைத்தார்கள். ஒருவர் துண்டைக் கீழே போட்டு அதன்மேல் நின்றார். அண்ணன் மட்டும் அசையாமல் நின்றார். தணலில் நடந்த அன்று பார்த்த அதே முகம்.

டாக்டர் பெட்டிக்குள் இருந்தார். அங்கே அதைப் பார்க்க என்னைத் தவிர ஆளில்லை.

குவியலில் அவர் செருப்பைத் தேடுவது கஷ்டமாக இல்லை. வலதுக்கு முன்பக்கம் பஞ்சு அடைத்திருக்கும். எடுத்துப் போய் அவர் முன்னால் வைத்தேன்.

"போடு."

"போட்டோ எடுத்துக்கினு இருக்காங்க, தெரியல?"

"பக்கத்துல நிக்கறவங்க கால பாரு."

பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டார்.

சூட்டில் எழும் கொப்புளம் மறுநாள்தான் தெரியும். அதுவும் டாக்டர் சொன்னது. மறுநாள் காலை சுவரைச் சுற்றிக்கொண்டு அவர் வாசலுக்குப் போனேன். தட்டுவதா, திரும்பிவிடுவதா என்று நின்றேன். உள்ளிருந்து, "கதவு தெறந்துதான் இருக்கு" என்று குரல் வந்தது. இடது காலை ஒரு நாற்காலிமேல் நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக அப்படி இருந்தாரோ தெரியாது. முன்பாதத்தின் அடியில் கொப்புளம், உடையவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க் கட்டுப் போட்டுத் திரும்பினோம்.

நான் கிளம்பும்போது, "உன் கால காட்டு" என்றார்.

"எனக்கு ஒண்ணுமில்ல."

"நீயே சொன்னா ஆச்சா? காட்டுடா."

என் பாதத்தை மடியில் வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். அண்ணன் என்னைத் தொட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. அவர் விரல் என் பாதத்தில் அழுந்துவதைக் கண்ணால் பார்த்தேன்.

"இங்க அழுத்தறேன். தெரியுதா?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல."

என் காலைப் பார்த்தபடியே, "எனக்கு அன்னிக்கு நெருப்புல எறங்கனப்பவும் இப்படித்தான்டா இருந்துச்சி" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் காத்திருந்தேன். "இத ஊர்ல சொல்லு" என்றேன். அவர் என் காலை இறக்கி வைத்துவிட்டுச் செருப்பை என் பக்கம் நகர்த்தினார். அவ்வளவுதான்.

அவர் சொல்லமாட்டார். அதனால் நான் சொல்லிவிட்டேன். டாக்டர் சூசைநாதன் நன்றாக இருந்த காலை வெட்டவில்லை. வெந்த காலில் மிஞ்சியதைக் காப்பாற்றினார். அதற்குக் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டு, பின்கேட்டைத் திறந்தே வைத்திருந்தார். இது ஊருக்குத் தெரிய வேண்டும்.

அண்ணனை நான் மன்னிக்கவில்லை. சுவரும் இருக்கிறது. டாக்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது சனிக்கிழமைதான். அன்று காலை நான் போகிறேன். அவர் காலை நான் பார்க்கிறேன், என் காலை அவர் பார்க்கிறார். பேச்சு கிடையாது.

கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர்கள் எல்லோரும் படிக்கும் குழுவில் போட இதை எழுதி முடித்து, கீழே என் பெயரையும் ஊரையும் எழுதினேன். பெயரைப் பார்த்தால் அண்ணன் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அடுத்த சனிக்கிழமை அந்தக் கதவு திறந்திருக்காது. அவருடைய கட்டை இன்னும் பிரிக்கவில்லை.

பெயரையும் ஊரையும் அழித்துவிட்டேன். இப்படியே போடுகிறேன்.