பஞ்சாமிர்தமும் கையுறையும்

இதை எழுத எனக்குப் பல வருஷத் தயக்கம். சாமி சம்பந்தப்பட்டது, யாராவது தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம். போன வாரம் இங்கே மலேசியாவில், ஈப்போ டவுனில் பல் பிடுங்கப் போனேன். டாக்டர் நீலக் கையுறை மாட்டியதும் பல்வலியைத் தள்ளிக்கொண்டு பழசெல்லாம் வந்துவிட்டது.

நானும் என் மனைவி லெட்சுமியும் வேலை பார்த்த தொழிற்சாலையில் கையுறை வெள்ளையாக இருக்கும், ரப்பர் பாலில் செய்தது. அந்த வாசனை சட்டையோடு வீட்டுக்கும் வரும். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள் நாங்கள். ரப்பர் பால்தான் எங்களுக்குச் சோறு. அதனால் லெட்சுமியின் கை அரித்துச் சிவந்தபோது சோப்பைத்தான் திட்டினோம்.

அந்த வருஷம் தோட்டத்து முனியாண்டி கோயில் திருவிழாவில் பஞ்சாமிர்தத்தை வாயில் வைத்தாள். உதடு வீங்கி, மூச்சு இழுத்தது. என் அண்ணி சும்மா இருப்பாரா?

"என்னத்த நேந்துக்கிட்டு மறந்த? சாமி வாயிலயே அடிச்சுருச்சு லா!"

லெட்சுமி தன் வேண்டுதல்களையெல்லாம் நினைத்துப் பார்த்தாள். எதுவும் பாக்கியில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. அதன்பின் கோயிலுக்கு வந்தாலும் வாசலோடு சரி. உள்ளேயிருந்து விபூதி கொண்டுவந்து கொடுப்பது என் வேலை. பேச்சு சுவாரஸ்யத்தில் அதையும் சில சமயம் மறந்துவிடுவேன்.

கை புண்ணானதும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தமிழ்ப் பெண் டாக்டர் கையைப் பார்த்துவிட்டுச் சம்பந்தமில்லாமல் கேட்டார்.

"வாழப்பழம் சாப்பிட்டா வாய் வீங்குமா அக்கா?"

லெட்சுமி திடுக்கிட்டாள். "ஒங்களுக்கு யாரு சொன்னா?"

டாக்டர் தன் கழுத்து அட்டையின் நாடாவைக் கழற்றி மேசைமேல் சுருட்டினார். "புரதம் இப்படித்தான், நீள நூலு மாதிரி. தன்னால மடிஞ்சு ஒரு உருவம் எடுக்கும். ரப்பர் பால்ல உள்ள ஒண்ணும் வாழப்பழத்துல உள்ள ஒண்ணும் அக்கா தங்கச்சி மாதிரி, ஒரே சாடை. கையுறையோட சண்ட போட்டுப் பழகின ஒடம்பு, பழத்தையும் அதுன்னு நெனச்சு அடிக்குது."

எனக்குப் பாதிதான் ஏறியது. லெட்சுமி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப சாமி அடிக்கலயா?"

"சாமிக்கு வேற வேல இல்லயா அக்கா?"

அவள் அங்கேயே அழுதுவிட்டாள். பழமும் ஆகாது, கையுறை வேலையும் ஆகாது என்று டாக்டர் சொன்னதையெல்லாம் நான்தான் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த திருவிழாவுக்கு உள்ளே போய் நின்று கும்பிடவேண்டும் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் தோட்டம் கைமாறியது. இப்போது அங்கே வரிசை வீடுகள். கோயிலும் இல்லை, ஒரு ரப்பர் மரமும் இல்லை. அண்ணியும் போய்ச் சேர்ந்துவிட்டார். டாக்டர் சொன்னதைக் கடைசிவரை அவர் நம்பவில்லை.

படிக்கும் நண்பரே, இதைக் கூட்டாமல் குறைக்காமல் நாலு பேரிடம் சொல்லுங்கள். பிரசாதம் சாப்பிட்டு வாய் வீங்கி, எந்தக் கோயில் வாசலிலாவது யாராவது உள்ளே வராமல் நின்றால், முதலில் அவர்களிடம் சொல்லுங்கள்.