நான் வழி சொன்ன ஊற்று

கொல்லிமலைக்கு இதுவரை மூன்று முறை போயிருக்கிறேன். முதல் பயணத்தைப் பற்றி இந்த வலைப்பதிவில் ஏற்கெனவே எழுதியிருந்தேன். பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். இப்போது தேடினால் அந்தப் பதிவு கிடைக்காது. ஏன் கிடைக்காது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வழக்கம்போலப் பேருந்து நேரம், கட்டணம் எல்லாம் இதிலும் உண்டு. ஓர் இடத்துக்கு மட்டும் வழி சொல்லப்போவதில்லை.

2004 டிசம்பர் விடுமுறையில் நானும் என் கணவரும் திருச்சியிலிருந்து பைக்கில் போனோம். ஆகாய கங்கை அருவியில் நிற்க இடமில்லாத கூட்டம். திரும்பும் வழியில் டீக்கடைக்காரர் ஒருவரிடம், ஆள் நடமாட்டம் இல்லாத இடம் ஏதாவது உண்டா என்று கேட்டோம். அவர் காட்டிய ஒற்றையடிப் பாதையில் இரண்டு கிலோமீட்டர் நடந்தோம். பாறைக்கு அடியிலிருந்து ஊறிய தண்ணீர் இடுப்பளவு ஆழத்தில் தேங்கி, வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. அடியில் கிடந்த கூழாங்கற்களை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. தலைக்கு ஷாம்பு போட்டுக் குளித்தோம். கட்டிக்கொண்டு போன புளிசாதத்தை அங்கேயே சாப்பிட்டோம். அப்போது மூன்று பெண்கள் குடங்களோடு வந்து சற்றுத் தள்ளி நின்றார்கள். நாங்கள் கரையேறும்வரை அரை மணி நேரத்துக்கு மேல் நின்றார்கள். வேடிக்கை பார்க்கிறார்கள் என்று நினைத்துக் கையசைத்தேன். ஒருவர் சிரித்தார்.

ஊர் திரும்பியதும் எழுதினேன். எந்த இடத்தில் இறங்க வேண்டும், எந்தப் புளியமரத்தில் திரும்ப வேண்டும், எத்தனை நிமிடம் நடக்க வேண்டும் என்று ஒன்று விடாமல் எழுதினேன். என் பதிவுகளிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். "போய் வந்தோம், சொர்க்கம்" என்று பின்னூட்டங்கள் வரும்போதெல்லாம் பெருமையாக இருந்தது.

2007 ஜூலையில் வேறு மாதிரியான பின்னூட்டம் ஒன்று வந்தது. "மேடம், உங்கள் பதிவை நம்பி பெங்களூரிலிருந்து ஆறு பேர் போனோம். ஊர்க்காரர்கள் வழிமறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தகவலைச் சரிபார்த்து எழுதவும்." எனக்குக் கோபம் வந்தது. ஊர்க்காரர்கள் மேல்தான் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. நேரில் போய்ப் பார்த்துப் பதிவைத் திருத்தலாம் என்று ஆகஸ்ட் கடைசியில் ஒரு சனிக்கிழமை தனியாகக் கிளம்பினேன்.

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் காலை 5.40க்கு நாமக்கல் வண்டி. முசிறி, தொட்டியம் வழியாக எட்டேகாலுக்கு நாமக்கல். அங்கிருந்து 8.45க்குச் செம்மேடு வண்டி. சுமார் 55 கிலோமீட்டர். பயணச்சீட்டு பதினேழு ரூபாய். காரவள்ளியில் அடிவாரம் தொடங்குகிறது. அதற்குப் பிறகு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் காலையில் இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், முன்பக்க இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரிகள் எதிரே இறங்கினால் நம் வண்டிதான் பின்னால் போய் ஒதுங்க வேண்டியிருக்கும். பதினொன்றேகாலுக்குச் செம்மேட்டில் இறங்கினேன். டவுன் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்தேன்.

ஒற்றையடிப் பாதை தொடங்கும் இடத்தில் குறுக்கே ஒரு மூங்கில் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஓலை வேய்ந்த சின்னப் பந்தல். உள்ளே நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"ஏனுங்கம்மா, இந்தப் பக்கம் போக முடியாதுங்க."

"சும்மா பாத்துட்டு வந்துடறேங்க. குளிக்கமாட்டேன்."

"எல்லாரும் அப்படித்தானுங்க சொல்றாங்க. நீங்களும் அந்தப் பேப்பரப் பாத்துட்டு வந்தவங்களா?"

எந்தப் பேப்பர் என்று கேட்டேன். ஓலைக்குள் செருகியிருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினார். மழையில் நனைந்து காய்ந்த இரண்டு தாள்கள். மேலே என் வலைப்பதிவின் பெயர். கீழே நான் எழுதியது. "நுழைவுக் கட்டணம் கிடையாது. ஊர்க்காரர்கள் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். நாள் முழுக்க ஆட்டம் போடலாம்." யாரோ இந்த வரிகளுக்கு அடியில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்கள்.

"போன வருசம் வந்த பசங்க உட்டுட்டுப் போனதுங்க. எனக்குப் படிக்கத் தெரியாது, மக படிச்சுச் சொன்னா. யாரு வந்தாலும் இதக் காட்டி, இதுல போட்டிருக்கறது இப்ப இல்லீங்கன்னு சொல்லி அனுப்பறோம்."

அதை எழுதியது நான்தான் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என்ன நடந்தது என்று மட்டும், சம்பந்தமில்லாதவளைப் போலக் கேட்டேன்.

அவர் பெயர் வெள்ளையம்மா. முப்பத்துநான்கு வீடுகள் உள்ள அந்த ஊருக்குக் குடிதண்ணீரே அந்த ஊற்றுதான். கைபம்பு ஒன்று இருக்கிறது, கோடையில் வற்றிவிடும். 2005 கோடையில் ஞாயிறுதோறும் வேன்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. முதலில் ஊருக்குச் சந்தோஷம்தான். பலாவும் வாழையும் வீட்டு வாசலிலேயே விற்றன. அப்புறம் சோப்பு, ஷாம்பு, பீர் பாட்டில். குடிதண்ணீர் எடுக்கப் பெண்கள் போனால் ஆண்கள் கூட்டமாகக் குளித்துக்கொண்டிருப்பார்கள். விடியும் முன்பே தண்ணீர் எடுத்துவிட வேண்டும் என்று ஆகிப்போனது. குழந்தைகளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு.

மதியம் ஒரு மணிக்கு, தன்னை மாற்றிவிட வந்த ஒருவரை உட்கார வைத்துவிட்டு, "வெய்யில்ல வந்திருக்கீங்க, ஊட்டுக்கு வந்து ஒரு வாய் குடிச்சுட்டுப் போங்க" என்று வெள்ளையம்மா கூப்பிட்டார். போனேன். வாசலில் அவர் கணவர் பொன்னன் மிளகுக் கொடி நட மூங்கில் கூடைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார். எழுந்து வந்து நாற்காலி போட்டார். வலது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார்.

போன ஆண்டு பங்குனியில் ஊற்றைத் தூர்வாரத் தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறார். அடியில் கிடந்த உடைந்த பாட்டில் பாதத்தைக் கிழித்துவிட்டது. மஞ்சளைப் பற்றுப்போட்டுக்கொண்டு ஒன்பது நாள் வேலைக்குப் போயிருக்கிறார். புரையோடிய பிறகுதான் நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். பெருவிரலோடு சேர்த்து இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. சில்வர் ஓக் மரங்களில் ஒற்றை மூங்கில் ஏணி சாத்தி ஏறி மிளகு பறிப்பதுதான் அவர் தொழில். கால் பெருவிரல் இல்லாமல் அந்த ஏணியில் நிற்க முடியாது.

"ஆஸ்பத்திரில இருந்து வந்த மறுநாளே இவ போயி பாதையில உக்காந்துட்டாங்க," என்றார் பொன்னன். "ஒத்தையா. பதினோரு நாளு. ஊரே சிரிச்சுது. எங்க ஊர்க்காரங்களே, ஏவாரத்தக் கெடுக்கறயான்னு சண்டைக்கு வந்தாங்க. டீக்கடைக்காரருக்குத்தான் ரொம்பக் கோவம்."

"அப்புறம் எப்படிங்க எல்லாரும் சேந்தாங்க?"

பொன்னன் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். வெள்ளையம்மா அடுப்படியில் இருந்தார். இவரே சொன்னார். ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் கத்தி முடித்த பிறகு வெள்ளையம்மா ஒரு குடத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊற்றில் மொண்டது. "இத ஆளுக்கு ஒரு சொம்பு குடிச்சுப்போட்டு, எந்திரிச்சுப் போன்னு சொல்லுங்க, போயிடறேன்" என்று சொல்லியிருக்கிறார். சோப்பு வாடை. யாரும் சொம்பைத் தொடவில்லை. டீக்கடைக்காரர்தான் முதலில் எழுந்து, "நாளைக்கு நான் உக்கார்றேன்" என்றாராம்.

அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு வீடு. அந்த வீட்டில் ஒருவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு, பகல் முழுக்கப் பாதையில் உட்கார வேண்டும். மதியம் ஒரு மணி நேரம் அடுத்த முறைக்காரர் மாற்றிவிடுவார். ஊரே சேர்ந்து மூன்று நாள் ஊற்றைச் சுத்தம் செய்திருக்கிறது. மண்ணைச் சல்லடையில் சலித்துக் கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கியிருக்கிறார்கள். கரை சரியாமல் இருக்க வெட்டிவேரும், மேலே நாவல் கன்றுகளும் நட்டிருக்கிறார்கள். பாட்டில்களைச் செம்மேட்டுப் பழைய இரும்புக் கடையில் எடுத்துக்கொண்டார்கள். பிளாஸ்டிக் டம்ளர்களையும் ஷாம்பு உறைகளையும் யாரும் எடுக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் பதினான்கு சிமெண்ட் சாக்குகளில் கட்டி அடுக்கி வைத்திருந்தார்கள். எரிக்கலாமே என்று கேட்டேன். "மொளகுக் கொடியில பொக படியுமுங்க. அந்த நாத்தத்த யாரு சுவாசிக்கறது?" என்றார் பொன்னன்.

சாக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் சொன்னேன். அந்தத் தாளில் இருப்பதை எழுதியது நான் என்று.

பொன்னன் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். பிறகு, "ஏங்க எழுதுனீங்க?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை.

"ரொம்ப அழகா இருந்துச்சுங்க. நாலு பேர் பாக்கட்டுமேன்னு."

"அழகா இருந்தாச் சொல்லத்தானுங்க தோணும்," என்றார் அவர்.

வெள்ளையம்மா கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "எங்களக் கேட்டிருக்கலாமில்லீங்க? நீங்க குளிக்கறப்ப நாங்க அங்கதான நின்னுக்கிட்டிருந்திருப்போம்."

அந்த மூன்று பெண்களில் இவரும் இருந்தாரா என்று நான் கேட்கவில்லை. அரை மணி நேரம் அவர்கள் நின்றது எதற்காக என்று இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் கழித்துப் புரிந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். "இது குடிக்கிற தண்ணியா?" என்று. ஷாம்பு உறையைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்த எனக்கு அது தோன்றவே இல்லை.

"அழிச்சுடறேங்க. ஊருக்குப் போனதும் முதல் வேலை அதுதான்."

"அழிச்சாப் போயிருமுங்களா?"

"போயிரும்."

அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்.

திரும்பும்போது இரண்டு சாக்குகளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். செம்மேட்டில் நடத்துனர், "என்னம்மா, மிளகு மூட்டையா?" என்றார். குப்பை என்றேன். சுமைக்கட்டணம் போட்டுவிட்டுச் சிரித்தார். திருச்சியில் பழைய பொருள் கடைக்காரர் டம்ளர்களை எடுத்துக்கொண்டார். உறைகள் அவருக்கும் வேண்டாம். அவை இன்னும் எங்கள் மொட்டைமாடியில் இருக்கின்றன.

அன்று இரவே பதிவை அழித்தேன். ஒரு வாரம் கழித்து, சந்தேகத்தில் தேடிப் பார்த்தேன். மூன்று தளங்களில் என் பதிவு வரிக்கு வரி, படங்களோடு இருந்தது. ஒன்றில் "நன்றி" என்று என் பெயரைக்கூடப் போட்டிருந்தார்கள். மூவருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். ஒருவர் நீக்கினார். ஒருவர், இணையத்தில் இருப்பது எல்லோருக்கும் பொது என்று பதில் எழுதினார். மூன்றாமவரிடமிருந்து பதிலே இல்லை. அலுவலகத்தில் ஒரு தோழி, "இது நீ எழுதினதுதானே?" என்று தனக்கு யாரோ அனுப்பிய மின்னஞ்சலைக் காட்டினாள். அது எத்தனை பேருக்குப் போயிருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

இதைக் கடிதத்தில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் அழித்தால் போய்விடும் என்று முகத்தைப் பார்த்துச் சொன்னவள் நான். அக்டோபரில் மூன்றாம் முறை போனேன். அன்று வெள்ளையம்மாவின் முறை இல்லை. வீட்டில்தான் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். கணினி, தளம், நகல் என்று ஏதேதோ விளக்கினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"அப்ப நாங்க உக்காந்துக்கிட்டேதான் இருக்கோணுங்களா?"

நான் தலையாட்டினேன்.

"எத்தன வருசத்துக்குங்க?"

தெரியவில்லை என்றேன். நானும் மாதம் ஒரு நாள் வந்து உட்காருகிறேன் என்று சொன்னேன். அவர், "வேணாங்க. நீங்க வருவீங்கன்னு நம்பி ஒரு ஊட்டுக்காரங்க வேலைக்குப் போயிருவாங்க. பஸ்ஸு வராமப் போச்சுன்னா அன்னைக்குப் பாதை தொறந்து கெடக்கும்" என்றார். என்னைக் குத்திக்காட்டச் சொன்னதாகத் தெரியவில்லை. ஊரின் நியாயம் அது. இன்னும் இரண்டு சாக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

கொல்லிமலைக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போங்கள். அறப்பளீசுவரர் கோயிலைப் பாருங்கள். ஆகாய கங்கைக்குப் படி இறங்க முழங்கால் நன்றாக இருக்க வேண்டும், ஏற ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். செம்மேட்டுச் சந்தையில் மிளகும் சாமையும் வாங்கினால் விளைவித்தவர் கையிலேயே காசு போகும். செம்மேட்டில் தங்கும் விடுதிகள் சில உண்டு, சனி ஞாயிறில் முன்பே சொல்லி வையுங்கள். திருச்சிக்காரர்களுக்கு ஓடையில் குளித்தால் போதும் என்றால் துறையூர்ப் பக்கம் அடிவாரத்தில் புளியஞ்சோலை இருக்கிறது. அங்கும் இறங்கும் முன் பக்கத்தில் இருப்பவரிடம், கீழே யாராவது இதைக் குடிக்கிறார்களா என்று கேளுங்கள். சோப்பு, ஷாம்பு வேண்டாம். கொண்டுபோகும் உறைகள் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவர ஒரு துணிப்பை வைத்துக்கொள்ளுங்கள். மேலே அவற்றை எடுத்துக்கொள்ள ஆள் கிடையாது.

ஊற்று எந்த ஊரில், எந்த நாட்டில் (மலையில் ஊராட்சியை அப்படித்தான் சொல்வார்கள்) என்று பின்னூட்டத்தில் கேட்காதீர்கள். தெரிந்தவர்கள் எழுதினாலும் வெளியிடமாட்டேன். என் பழைய பதிவு உங்கள் மின்னஞ்சலிலோ தளத்திலோ இருந்தால், தயவுசெய்து அழித்துவிடுங்கள். நீங்கள் இதைப் படிப்பது பகல் நேரமாக இருந்தால், முப்பத்துநான்கு வீடுகளில் ஏதோ ஒரு வீட்டிலிருந்து ஒருவர், இன்று வேலைக்குப் போகாமல், அந்தப் பாதையில் உட்கார்ந்திருக்கிறார்.